முயல் விட்டுவைத்த மூலை

பூளை என்ற முயலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் ஓடத் தோன்றும். ஓடினால், எதற்காக ஓடினோம் என்று நின்று யோசிக்கத் தோன்றும். அப்படிப்பட்டவளுக்குத்தான் மருதங்காட்டின் ஓரத்தில் அருமையான நிலம் ஒன்று வாய்த்திருந்தது. காது மறையும் உயரத்துக்குப் புல், நாலு நாவல் மரங்கள், நடுவில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று, ஒரு மூலையில் மொட்டைப் பாறை.

ஓடைக்கு அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பெருச்சாளிகள் வந்தன. தரைக்கு அடியில் வளைக்கு மேல் வளையாகத் தோண்டி ஊர் கட்டின. இரண்டே மழையில் தரை உள்வாங்கியது, மரங்கள் சாய்ந்தன. பெருச்சாளிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த நிலம் தேடக் கிளம்பிவிட்டன. அவற்றுக்கென்ன!

அதைப் பார்த்துப் பயந்துபோன விலங்குகள் ஒன்றுகூடி, மருதங்காட்டில் ஒரு காப்பு வட்டம் ஏற்படுத்தின. வட்டத்துக்குள் விதைக்கலாம், மேயலாம், மரம் வளர்க்கலாம். வளை தோண்டி ஊர் மட்டும் கட்டக் கூடாது. மீறினால் காடே திரண்டு வந்து விரட்டும். சேர்ந்தவர் எட்டு மழைக்காலம் விலக முடியாது.

புது நிலம் சேர்க்க ஆண்டுக்கு ஒரே நாள், ஆவணி முதல் நாள். நிலத்துக்காரர் இலந்தை முள்ளை வாயில் கவ்விக்கொண்டு, தன் நிலத்தைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது காப்பு. வெளியே இருப்பது அவரவர் பாடு. இடையில் சேர்க்க வேண்டுமென்றால், வட்டத்தில் உள்ள அத்தனை பேரும் ஒருவர் விடாமல் சம்மதித்து, ஒன்றாகக் கோடு இழுக்க வேண்டும். அப்படி அதுவரை நடந்ததே இல்லை. நாலு பேரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடு, நாற்பது பேரை யார் கேட்பது?

இந்த ஆவணியில் சேர்ந்துவிடுவது என்று பூளை முடிவு செய்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரகி என்ற கௌதாரியின் நிலம். பூளையின் நிலம் சேர்ந்தால்தான் வரகியின் நிலம் வட்டத்தைத் தொடும், அவளும் சேரலாம். இருவருக்கும் தண்ணீர் அந்த ஒரே ஊற்றுதான்.

ஆவணி முதல் நாள் காலையில் கொழுமூக்கன் என்ற பெருச்சாளி வந்தான்.

"தங்கச்சி, வட்டத்துல சேரப் போறியாமே! நல்லது, நல்லது! யாரு வேண்டாம்னா?"

"ஆமாண்ணே, இப்பவே கிளம்பணும்!" என்று பூளை குதித்தாள்.

"ஆனா எட்டு மழை, தங்கச்சி! நடுவுல மனசு மாறினா என்ன பண்ணுவே? உனக்குத்தான் காலையில ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசாச்சே!"

பூளையின் காதுகள் தொங்கின. அது உண்மைதான்.

"அந்தப் பாறை மூலையை மட்டும் வெளியே விட்டுவை. புல்லுகூட முளைக்காத இடம், அதுக்கு எதுக்குக் காப்பு? கைவசம் ஒரு துண்டு இருந்தா தெம்பா இருக்கும்ல?"

"அதுல நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மழைக்கு ஒதுங்க ஒரு வளை. ஒரே ஒரு வளை! அதுவும் நீ சரின்னா!"

"பார்க்கலாம்" என்றாள் பூளை.

பார்க்கலாம்! முடியாது என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு எவ்வளவு வசதியான சொல்! கொழுமூக்கன் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

பூளை முள்ளைக் கவ்விக் கோடு இழுத்தாள். நாவல் மரங்களைச் சுற்றினாள், புல்வெளியைச் சுற்றினாள். பாறை மூலை வந்தது. கால்கள் தயங்கின. போகலாமா, வேண்டாமா? சட்டென்று உள்பக்கமாக வளைந்து திரும்பிவிட்டாள்.

"ஏன்க்கா அங்க வளைச்சீங்க?" என்று கேட்டாள் வரகி.

"கால் வலிடி! பாறையில யாரு ஏறுவா?"

வரகியும் தன் நிலத்தைச் சுற்றிக் கோடு இழுத்து முடித்தாள். வட்டத்தின் தலைவர் கவைக்கொம்பன் என்ற மிளா மான் இரண்டு கோடுகளையும் பார்த்துத் தலையசைத்தார். மரங்கொத்தி மருத மரத்தில் இரண்டு கொத்து கொத்தி, பூளையின் நிலத்தையும் வரகியின் நிலத்தையும் பதிவு செய்தது. எல்லோரும் கனி தின்று கலைந்தார்கள். பூளை மட்டும் பாறை மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலையில் தரைக்கு அடியில் கரக், கரக் என்று சத்தம் கேட்டது. பூளை இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். காதைத் தரையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஏழாம் நாள் ஊற்று கலங்கியது. பத்தாம் நாள் அடிச்சேறு தெரிந்தது.

பாறை மூலைக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒரு வளையா? நாற்பது வளை!

"நான் சரின்னு சொல்லவே இல்லையே!" என்று கத்தினாள்.

"முடியாதுன்னும் சொல்லலையே, தங்கச்சி!" என்று ஒரு வளைக்குள்ளிருந்து கொழுமூக்கன் சிரித்தான்.

ஊற்றுக்கு வரும் நீரோட்டம் அந்தப் பாறைக்கு அடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புல் முளைக்காத இடம் என்று அவள் ஒதுக்கிய மூலைதான் புல்லுக்கெல்லாம் தண்ணீர் தந்துகொண்டிருந்தது. இப்போது அது வளைகளுக்குள் வழிந்து வீணாகிறது.

பூளை மிளாவிடம் ஓடினாள்.

"கோட்டுக்கு வெளியே நடக்கிறதை நாங்க தடுக்க முடியாதும்மா. அடுத்த ஆவணி வரைக்கும் பொறு. இல்லேன்னா எல்லார் சம்மதத்தையும் வாங்கிட்டு வா."

அடுத்த ஆவணிக்குள் ஊற்று செத்துப்போகும்! பூளை ஓடினாள். முள்ளம்பன்றியிடம் சொன்னாள், மயிலிடம் சொன்னாள், எருமையிடம் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்த மூலையை ஏன் விட்டே?" ஒவ்வொரு இடத்திலும் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னாள். திட்டாதவர்கள் இல்லை. திட்டிவிட்டுச் சம்மதிக்காதவர்களும் இல்லை.

கடைசியாக வரகி. அவளுடைய குஞ்சுகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

"கால் வலின்னு சொன்னீங்களே, அக்கா?"

"பொய் சொன்னேன்டி. விலகணும்னு தோணினா ஒரு வழி இருக்கட்டும்னு நினைச்சேன்."

"உங்களை நம்பித்தான் நானும் சேர்ந்தேன். எங்கிட்டயே பொய் சொன்னீங்களே!"

பூளையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வரகி குஞ்சுகளைச் சேற்றிலிருந்து கரைக்கு ஒதுக்கினாள். பிறகு ஓர் இலந்தை முள்ளைக் கவ்வி எடுத்தாள்.

"வாங்க, கோடு இழுப்போம். உங்களுக்காக இல்லை. ஊற்றுக்காக!"

அன்று மத்தியானம் மருதங்காடே முள்ளும் கையுமாகத் திரண்டது. பாறை மூலையைச் சுற்றி ஒரு கோடு இல்லை, நாற்பது கோடுகள்! எருமையின் காலடியில் தரை அதிர்ந்ததும் பெருச்சாளிகள் வளையை விட்டு வெளியே பாய்ந்தன. கொழுமூக்கன், "பார்க்கலாம், பார்க்கலாம்!" என்று கறுவிக்கொண்டே ஓடினான்.

வளைகளை அடைத்தார்கள். ஊற்று திரும்பியது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. பாதிதான். உடைந்த வழி உடைந்ததுதான். இரண்டு நாவல் மரங்கள் அடுத்த கோடையிலேயே பட்டுப்போயின. வரகி பேசினாள், ஆனால் அக்கா என்று கூப்பிட வெகுநாள் ஆயிற்று.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பூளை, இப்போது தினமும் அந்தப் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். காதுகள் மட்டும் இன்னும் அடங்கவில்லை, அடிக்கடி கீழே குனிந்து தரையைக் கேட்கின்றன.

காக்க வேண்டியதை முழுதாகக் காக்க வேண்டும். தப்பித்துக்கொள்ள நாம் விட்டுவைக்கும் வழியாகத்தான் கேடு உள்ளே வரும்.