பேச்சி மண் தேடிய நாட்கள்

சுந்தரவடிவு அம்மையின் மடம் பெரியதல்ல. தாமிரபரணியிலிருந்து பிரிந்து போகும் ஒரு வாய்க்காலின் கரையில் ஓடு போட்ட இரண்டு கட்டு வீடு. பின்னால் அடுக்களை. அடுக்களைக்கு எதிரே ஒரு கல்தொட்டி. அந்தத் தொட்டியில் ஓர் ஆமை இருந்தது. வாய்க்கால் தூர் வாரியபோது மண்வெட்டி பட்டு, ஓட்டில் வெட்டு விழுந்து கிடந்ததை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வாய் திறவாத பிராணிக்கு அம்மை பேச்சி என்று பெயர் வைத்தார்.

பேச்சியைப் பார்த்துக்கொண்டவர் மாடக்கண்ணு. லாரி ஓட்டிப் பிழைத்தவர். சம்பாதித்ததையும் குடும்பத்தையும் குடியில் தொலைத்துவிட்டுக் கடைசியில் இந்த மடத்து வாசலில் வந்து விழுந்தார். அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அதனால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் அம்மையை அம்மா என்பார். குருவும் சீடரும் அப்படி இருந்தார்கள்.

மடத்துக்கு வந்த பிறகு மாடக்கண்ணு குடித்ததில்லை. எப்படி விட்டீர் என்று யாராவது கேட்டால், அம்மா பார்த்துக்கிட்டே இருக்காங்க, எப்படிக் குடிக்க என்பார். வாய்ப்பேச்சாகச் சொன்னதல்ல அது. அம்மையின் கண் தன் மேல் இருக்கும் வரைக்கும்தான் தான் மனுஷன் என்று நம்பினார்.

அந்தச் சித்திரையில் கள்ளிவிளையிலிருந்து செய்தி வந்தது. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்காகத் தேரிக்காட்டு வழியில் மடம் நடத்தி வந்த தண்ணீர்ப்பந்தல் அது. ஒரு கிணறு, ஒரு கொட்டகை, சுற்றிலும் செம்மணல். அங்கே இருந்து பார்த்துக்கொண்ட பெரியவர் காலமாகிவிட்டார். அம்மை மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு, இனி நீங்கள்தான் அங்கே போய் இருக்க வேண்டும் என்றார்.

மாடக்கண்ணு தட்டிக்கழிக்கப் பார்த்தார். தனக்குச் சமையல் சரியாக வராது என்றார். மூட்டு வலி என்றார். ரோட்டுக்கு வந்தால் சாராயக்கடை பக்கம்தான் என்பதையும் சொன்னார். எல்லாவற்றையும் அம்மை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மாடக்கண்ணு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"இங்கே நீங்க பாக்கீங்க, நான் நிக்கேன். அங்கே யாரும்மா பாப்பாங்க?"

"ஆமை எப்படிக் குஞ்சு பொரிக்கும்னு சொல்லியிருக்கேன்லா அண்ணாச்சி."

சொல்லியிருந்தார். பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை எங்கேயோ இருந்து நினைத்தே பொரிக்கும், குருவின் அருளும் இந்த மூன்று வழியில்தான் வரும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததைப் பாடம் நடத்தும்போது விளக்கியிருந்தார். தொடுவதும் பார்ப்பதும் மாடக்கண்ணுக்குப் புரிந்தது. நினைப்பதை மட்டும் அவர் நம்பவில்லை. பெற்ற பிள்ளைகளை அவர் நினைக்காத நாளில்லை. அதனால் அவர்களுக்கு ஒரு வாய் சோறு கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் குருவிடம் அதை எப்படிச் சொல்வது?

"பேச்சி இரை எடுக்க மாட்டேங்குதும்மா. அது தேறட்டும், பிறகு போறேன்" என்றார்.

அம்மை சரி என்றார்.

பாதி சாக்குதான். மீதிப் பாதி நிஜம். பேச்சி சில நாட்களாகவே ஒரு நிலையில் இல்லை. வள்ளைக்கீரையைக் கிள்ளிப் போட்டால் ஓடிவருவது, இப்போது முகர்ந்துவிட்டு விலகிப் போனது. மண்புழு போட்டாலும் தொடவில்லை. தொட்டியின் சுவரில் முன்னங்கால்களை வைத்து ஏறப் பார்த்தது. விழுந்தது. மறுபடியும் ஏறியது. வெளியே எடுத்து விட்டால் முற்றம் முழுக்கச் சுற்றியது. அங்கங்கே நின்று மூக்கை மண்ணில் வைத்தது.

கால்நடை டாக்டர் ஜெயசீலி வந்து, பேச்சியைத் தூக்கிப் பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் குழிவில் விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே முட்டை இருக்கிறது என்றார். இத்தனை வருஷமாகத் தனியாக இருக்கிற ஆமைக்கு முட்டை எப்படி என்று மாடக்கண்ணு கேட்டார். துணை இல்லாமலும் முட்டை உண்டாகும், அது கூமுட்டையாகப் போகும் என்றார் டாக்டர். எப்போதோ சேர்ந்த ஆணின் வித்தை வருஷக்கணக்கில் உடம்புக்குள் காப்பாற்றி வைத்திருக்கிற ஆமைகளும் உண்டாம். இது எந்த வகை என்று பொரித்தால்தான் தெரியும்.

"ஆனா அதுக்குப் பிடிச்ச இடம் கிடைக்காட்டா முட்டையை உள்ளேயே அடக்கிக்கிடும். அப்படியே விட்டா செத்துப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மாடக்கண்ணு வேலையில் இறங்கினார். தென்னைக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி ஆற்று மணலைச் சலித்து நிரப்பினார். பேச்சி வந்து பின்னங்காலால் ஒரு கை மணலைத் தள்ளியது. தள்ளிய மணல் அப்படியே குழிக்குள் சரிந்தது. அது போய்விட்டது. மணல் தனியாக நிற்காது என்று புரிந்துகொண்டு, செம்மண்ணைக் கலந்து, பிடித்தால் பிடியும் பதத்துக்குத் தண்ணீர் தெளித்தார். பாதி வெயிலும் பாதி நிழலும் விழும்படி ஓலை கட்டினார். நாய் வராமலிருக்கச் சுற்றிலும் பனைமட்டையை நட்டு அடைத்தார். சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓட்டைப் பொடித்துக் கீரையில் தூவி வைத்தார். பிறகு பேச்சியை உள்ளே விட்டுவிட்டு, அடைப்புக்கு வெளியே குந்தியிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரைக்கும் பார்த்தார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். பேச்சி கொஞ்சம் தோண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் எட்டிப் பார்ப்பார். அவருடைய நிழல் அதன் மேல் விழும். தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தோண்டியதை விட்டுவிட்டு மட்டையை முட்டிக்கொண்டு நடக்கும். ஒருநாள் அவரே கையால் அழகாக ஒரு குழியைத் தோண்டி அதன் வாயில் பேச்சியைக் கொண்டுவைத்தார். அது குழியைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நாளாக ஆக நடையும் தளர்ந்தது. மூலையில் மட்டையோடு ஒட்டிக் கழுத்தை நீட்டிப் படுத்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டது. மாடக்கண்ணு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மை பின்கட்டுக்கு வந்தார். அடைப்பையும், ஓலையையும், குடையையும், அதன் கீழே இருந்த மாடக்கண்ணுவையும் பார்த்தார். குனிந்து ஒரு மட்டையைப் பிடுங்கினார். பிறகு அடுத்ததை.

"அம்மா, நாய் வந்துரும்."

"வந்தா விரட்டுவோம்."

"கண்ணு முன்னால இருந்தாத்தானே நமக்குத் தெரியும்."

"இத்தனை நாளும் கண்ணு முன்னாலதானே கிடக்கு" என்றார் அம்மை. கடைசி மட்டையையும் பிடுங்கிச் சுவரில் சாத்தினார். "வாங்க. பூசணிக்காய் நறுக்க ஆளில்லை."

மாடக்கண்ணுக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் எழுந்து போனார். அடுக்களையில் அரிவாள்மணையை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்பி வழியாக முற்றம் தெரிந்தது. அம்மை எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்தார்.

வானம் மூட்டமாக இருந்தது. சற்று நேரத்தில் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. மண் வாசனை அடுக்களைக்குள் வந்தது.

பேச்சி கண்ணைத் திறந்தது.

அவர் சலித்துக் கலந்து வைத்த மண்ணைத் தாண்டி நடந்தது. தென்னையைத் தாண்டியது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், செவ்வரளிச் செடியின் மூட்டில், கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தில் நின்றது. மூக்கை மண்ணில் வைத்து வெகுநேரம் இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, முகத்தை மதில் சுவருக்கும் முதுகை முற்றத்துக்கும் காட்டி நின்றுகொண்டது.

"அங்கே மண்ணு இறுகிக் கிடக்கும்மா. கொஞ்சம் கொத்திக் கொடுத்துட்டு வந்துருதேன்" என்று மாடக்கண்ணு பாதி எழுந்தார்.

"இருங்க."

இருந்தார். பேச்சி தன் உடம்பிலிருந்தே தண்ணீரை விட்டு மண்ணை நனைத்தது. பிறகு இடது பின்னங்காலைக் கீழே இறக்கி, பாதத்தைக் கைபோல் மடக்கி, ஒரு கவளம் மண்ணை எடுத்து ஓரமாக வைத்தது. அடுத்து வலது கால். மறுபடி இடது. அவசரமில்லை. ஒரு கால் எடுத்ததை மறு கால் கலைக்கவில்லை. குழி இறங்க இறங்கக் காலும் இறங்கியது. குழியின் சுவர் சரியவில்லை. தலை மட்டும் மதிலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது.

மாடக்கண்ணு லாரியை எத்தனையோ சந்துக்குள் பின்னால் எடுத்திருக்கிறார். கண்ணாடியைப் பார்க்காமல், கிளீனர் இறங்கி நின்று வரலாம் வரலாம் என்று தட்டாமல், ஒரு முழம்கூட எடுத்ததில்லை. இதற்குக் கண்ணாடியும் இல்லை, தட்டுகிறவனும் இல்லை. தனக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டிருந்தது.

கால் எட்டுகிற ஆழம் வந்ததும் தோண்டுவதை நிறுத்தியது. உடம்பு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. வெள்ளையாக, நீளமாக, கோழிமுட்டையைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல் முதல் முட்டை வந்தது. அது விழவில்லை. விழுமுன் ஒரு பின்னங்கால் கீழே போய் அதை ஏந்தியது. ஏந்தியபடியே அடிக்குக் கொண்டுபோய் இறக்கிவைத்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்றோடொன்று இடித்த சத்தம்கூட இல்லை.

அரிவாள்மணையில் பாதி நறுக்கிய பூசணித் துண்டு அப்படியே நின்றது. தான் அழுகிறோம் என்பது மாடக்கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மையும் நார் எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு எடுத்த மண்ணையெல்லாம் காலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடியது. பாதத்தால் பிசைந்தது. அடிவயிற்று ஓட்டைத் தூக்கித் தூக்கி வைத்துத் தட்டியது. தரையை முன்போலச் சமமாக்கியது. பிறகு நேராகத் தொட்டிப் பக்கம் நடந்தது. திரும்பவில்லை.

மாடக்கண்ணு ஓடிப்போய் அரளி மூட்டில் நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கே இடம் எதுவென்று சட்டெனப் பிடிபடவில்லை. முட்டையை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், வைத்தது வைத்தபடி இருக்கட்டும், அந்த மட்டைகளை இங்கே கொண்டுவந்து நடுங்கள் என்றார் அம்மை. கீரி வராதபடி நெருக்கமாக நட்டார்.

நட்டு முடித்துக் கையைக் கழுவப் போனபோது பேச்சியை அம்மை தூக்கித் தொட்டிக்குள் விட்டிருந்தார். எத்தனையோ நாள் பட்டினிக்குப் பிறகு வள்ளைக்கீரையைப் பிடித்து இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்றுமுன் கண்ட அதிசயத்தின்மேல் சின்னதாக ஒரு வருத்தம் வந்து படிந்தது. அம்மை தொட்டியோரம் வந்து நின்றதும் கேட்டுவிட்டார்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையேம்மா. முட்டை என்ன நிறம்னுகூட அதுக்குத் தெரியாது. நினைச்சுப் பொரிக்கும்னு சொன்னீங்க. இது கீரை தின்னுக்கிட்டு இருக்கு."

அம்மை தண்ணீரில் கைவிட்டு, மிதந்து ஒதுங்கிய ஒரு கீரைத் தண்டைப் பேச்சியின் பக்கம் தள்ளிவிட்டார்.

"இத்தனை நாளும் தின்னாம, உறங்காம, மண்ணு மண்ணா மோந்துக்கிட்டு அலைஞ்சுதே அண்ணாச்சி. அப்ப அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்ததுன்னு நினைக்கீங்க?"

மாடக்கண்ணு அம்மையின் முகத்தைப் பார்த்தார். கள்ளிவிளைக்குத் தன்னை அனுப்புவது என்று எப்போது முடிவு செய்தீர்கள், எத்தனை நாளாக இதை யோசித்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தார்.

அதைக் கேட்காமல், நாளைக்கே கள்ளிவிளைக்குப் புறப்படுகிறேன் என்றார்.