மேஸ்திரி சொன்ன ‘நாங்க’

கரூருக்கு வெளியே ஒரு மடம். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் நாச்சிமுத்துவோ தலை நரைத்தவர். புதிதாக வருகிறவர்கள் ஆள் தெரியாமல் நாச்சிமுத்துவின் காலில் விழப் போவதும், அவர் பதறி விலகுவதும் உண்டு.

நாச்சிமுத்து பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் மேஸ்திரி. அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வந்தவர், சாமியைக் கும்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

“ஆளுகளைக் கட்டி மேய்க்கிறது எப்படிங்க சாமி? காலம் நல்லா இருந்தா மேஸ்திரி மேஸ்திரிங்கறான். கொஞ்சம் ஆட்டம் கண்டா ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான்.”

என்ன நடந்தது என்று சாமி கேட்டார்.

கொஞ்ச நாளாகவே பட்டறையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் கம்பெனிக்காரர்களே முழு பஸ்ஸாகக் கட்டி விற்கப் போகிறார்களாம். பட்டறையை மூடிவிட்டு முதலாளி மகன் இடத்தைக் குடோனுக்கு விடப் போகிறானாம். எது மெய், எது புரளி என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி நாச்சிமுத்துவை உள்ளே கூப்பிட்டார். ஏசி அறையில் நாற்காலி போட்டு, பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்து வந்த பிறகும் ஒரு வாரத்துக்கு உட்கார்ந்தபடிதான் இருப்பான் என்று சொல்வார்கள். முதலாளியும் மகனும் ஆடிட்டரும் பாதி இங்கிலீஷில் பேசினார்கள். நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

வெளியே, தகடு அடிக்காமல் எலும்புக்கூடாக நின்ற பஸ்ஸைச் சுற்றி ஆட்கள் காத்திருந்தார்கள். வெல்டர் சாகுல் பாய்தான் முன்னால் வந்து கேட்டார். அவரும் நாச்சிமுத்துவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாடா போடா என்று பேசிக்கொள்கிறவர்கள்.

“நாங்க பேசிக்கிட்டு இருக்கோம், முடிவானதும் நாங்களே சொல்றோம், நீங்க வேலையைப் பாருங்கன்னேன்” என்றார் நாச்சிமுத்து. “இதுல என்ன தப்புங்க? அதுக்கு அந்த ஆளு கையைக் கட்டிக்கிட்டு ‘சரிங்க சார்’ங்கறான். எல்லாப் பயலும் சிரிக்கிறான். என்னைப் போயி சாருங்கறான். செத்தாலும் மறக்க மாட்டேன்.”

சனிக்கிழமை சாயங்காலமே சாகுலும் மற்றவர்களும் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பேசி முடித்துவிட்டார்கள். நாளைக் காலையில் வந்து தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அவர்கள் போய்விட்டால் புரளியே மெய்யாகிவிடும். பட்டறையை மூட முதலாளிக்கு வேறு காரணம் வேண்டாம்.

“அத்தனை பேரையும் நான் தாங்கிப் பிடிச்சேன். நன்றி கெட்ட ஜனம்” என்று முடித்தார் நாச்சிமுத்து.

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற நாளாக இருந்தால் சாமி அவர் கையைப் பிடித்து, “வாங்க, நாம சாப்பிடலாம்” என்று கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைப்பார். அன்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“நாங்க சாப்பிடப் போறோம். நீங்க இருங்க.”

தோட்டக்காரர், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த யாரோ ஒரு வழிப்போக்கன், எல்லாரையும் கையசைத்து அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. இலை விரிக்கிற சத்தம் கேட்டது. ரசத்தின் வாசம் வந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. இந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரைத் தகடு அவர் கையால் அடித்தது. எழுந்து செருப்பை மாட்டினார். வாசல் கேட்டு வரைக்கும் நடந்தார். தாண்டிப் போகவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை.

சாமி கை கழுவிக்கொண்டு வந்தார்.

“பசிக்குதுங்களா?”

“பசி பெரிசில்லீங்க சாமி. போறவன் வர்றவனையெல்லாம் வான்னு கூப்பிடறீங்க. என்னைப் பார்த்து ‘நாங்க’ன்னுட்டீங்களே. அந்த ஒரு சொல்லு...”

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

காது மடல் வரைக்கும் சுட்டது. எதற்கென்று தெரியாமல் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“அந்த ரூமுல என்னதான் பேசினாங்க?” என்று சாமி கேட்டார்.

“ஒண்ணும் விளங்கலீங்க. டீயைக் குடிக்கலாமா கூடாதான்னே பார்த்துக்கிட்டிருந்தேன். ஆறிப் போச்சு.”

“பட்டறையை மூடினா, அங்க உட்கார்ந்திருந்தவங்கள்ல யாருக்கு வேலை போகும்?”

“எனக்குத்தாங்க.” குரல் இறங்கியது. “எனக்கு மட்டுந்தான்.”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“விளங்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சாமி. இப்ப எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்? நாளைக்கும் எங்கிட்டப் பதில் இல்லீங்களே. பதிலில்லாதவன் ஆளுகளை எப்படி நிறுத்தறது?”

“சாகுல் பாய் உங்ககிட்ட என்ன கேட்டாருங்க?”

“எங்க கதி என்னன்னு கேட்டான்.”

“அப்படியேவா கேட்டாரு?”

கழற்றிய செருப்பை நாச்சிமுத்து காலால் ஓரமாகத் தள்ளினார்.

“இல்லீங்க” என்றார். “‘நாச்சி, நமக்கு என்னடா ஆகும்?’னு கேட்டான்.”

“உங்களுக்கும் சேர்த்து இலை போட்டுத்தான் கேட்டிருக்காரு” என்றார் சாமி.