சோபாவில் உட்கார்ந்து மீன் வாங்கியவன்

ரைஸ்மில் முதலாளி தணிகாசலத்தின் மீசை, அவருக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடும். ஒருநாள் சிக்கனப் பைத்தியம் பிடித்து, தான் ரீசார்ஜ் செய்துவந்த டிரைவர் மாசிலாவின் சிம் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"இனிமே வீட்டு வைஃபையிலதான் பேச்சு. நான் கூப்பிட்டதும் எடுக்கலேன்னா வேலை காலி!"

"சரிங்க முதலாளி."

மறுநாள் சம்பந்தி விருந்து. வஞ்சிரம் மீன் வாங்க மாசிலாவை அனுப்பினார். ஹாலில் வந்து உட்கார்ந்த சம்பந்தியிடம் வைஃபை பெருமையைக் காட்ட, அவனை வாட்ஸாப்பில் கூப்பிட்டார். ஹாலுக்குள்ளேயே போன் அடித்தது. மாசிலா உடனே எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"உங்க பின்னாடி சோபாவுலதான் முதலாளி. கேட்டைத் தாண்டினா வைஃபை வராது. போனை எடுக்கலேன்னா வேலை போயிடுமே!"

"அப்போ மீனு?"

"கடல்லயும் உங்க வைஃபை எடுத்தா, மீனை நீங்களே கூப்பிட்டுப் பாருங்க முதலாளி."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் மில் சங்குச் சத்தமே அமுங்கிப்போனது. சிம் கார்டு மாசிலா கைக்கு வந்த பிறகுதான் வஞ்சிரம் வீட்டுக்கு வந்தது.