பஞ்சரான இடத்துக்கு ஒரு டிக்கெட்

ஒரு ஊர்ல ஒரு இட்லிக்கடைக்காரி இருந்தாளாம். பேரு செங்கமலம். விடியக்காலம் அடுப்பு முன்னாடி நின்னான்னா, கடைசி தோசை போற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்பா. பதினோரு வருஷமா இதே பொழப்பு. பாவம், கால் ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கிக் கெடக்கும். ம் சொல்லு. சொன்னாத்தான் மேல போவேன்.

அவ புருஷன் பக்கிரிசாமி. கல்லாவுல உக்காந்து உக்காந்தே இடுப்பு பிடிச்சுக்கிட்ட மகராசன். ஒரு நாள், "செங்கமலம், கடைக்கு மூணு நாள் லீவு! ஊர் சுத்திப் பார்க்கப் போறோம்"னாரு. அவளுக்கு வாயெல்லாம் பல்லு. "ஏங்க, எங்கயாச்சும் தண்ணி ஓரமா காலை நீட்டி உக்காரணுங்க. எனக்கு அது ஒண்ணு போதும்"னா.

"உக்காரவா ஊருக்குப் போவாங்க? அதை வீட்லயே செய்யலாமே!"

"வீட்ல எங்க உக்கார விட்டீங்க?"

அவரு காதுல விழுந்தாத்தானே! டூர் பஸ்ஸுல எடம் போட்டுட்டு வந்துட்டாரு. மூணு நாள்ல முப்பத்தாறு இடம்! சிரிக்காதே, ஜனங்க இப்படித்தான் போறாங்க.

அந்த பஸ்ஸுக்கு ஒரு கைடு, அழகேசன்னு பேரு. கழுத்துல விசில். பீ...ப்! "இறங்கு, பாரு, ஏறு!" வேற பேச்சே கிடையாது அந்த ஆளுக்கு.

முதல்ல ஒரு அருவி. சளசளசளன்னு கொட்டுது. செங்கமலம் ஒரு பாறையில உக்காந்து, ஒரு காலைத் தண்ணியில வெச்சா. இன்னொரு காலை வெக்கறதுக்குள்ள பீ...ப்! அப்புறம் ஒரு மலை. குளுகுளுன்னு காத்து. புல்லுல உக்காந்தா. "எந்திரிடி, நின்னாத்தான் போட்டோவுல மலை தெரியும்"னு பக்கிரிசாமி கையைப் பிடிச்சு இழுத்தாரு. அப்போ மறுபடியும் பீ...ப்! அப்புறம் கடல். கடலாவது ஓடியா போயிடும்? மணல்ல பாதி உக்காந்திருப்பா. பீ...ப்! அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. முப்பத்திரண்டு இடம் ஆச்சு, ஒரு இடத்துலயும் நிம்மதியா உக்காரலை.

தூங்கிட்டியா? ம். சரி.

மூணாம் நாள் ஊருக்குத் திரும்பற வழி. இன்னும் நாலு இடம் பாக்கி. அப்போ டமார்! டயர் வெடிச்சுது. ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தா அதுலயும் காத்து இல்லை. டிரைவர் டயரை ஒரு லாரியில ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போயிட்டாரு. சுத்திலும் ஒண்ணுமே கிடையாது. ஒரு வாய்க்கா, ஒரு மதகு, ஒரு புளியமரம், அவ்வளவுதான். "நாலு இடம் போச்சே!"னு பக்கிரிசாமி தலையில கை வெச்சுக்கிட்டு குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறாரு. மத்தவங்க அழகேசனைப் பிடிச்சு வறுத்து எடுக்கறாங்க.

செங்கமலம் மெதுவா மதகு மேல உக்காந்தா. ரெண்டு காலையும் தண்ணிக்குள்ள விட்டா. குட்டி மீனு வந்து குறுகுறுன்னு கடிக்குது. ஹப்பா! பதினோரு வருஷத்து வலி வாய்க்காலோட போற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. சந்தோஷத்துல கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு.

"எந்திரி செங்கமலம்!"னாரு பக்கிரிசாமி.

"எங்க ஏறச் சொல்றீங்க? பஸ்ஸே காலை மடிச்சு உக்காந்திருக்கு, பாருங்க"ன்னா. நாலு மணி நேரம் அசையலையே அவ!

அப்புறம் ஊருக்கு வந்து பக்கிரிசாமி தெருவுக்கே போட்டோ காட்டினாரு. எது எந்த மலைன்னு அவருக்கே தெரியலை. எல்லாத்துலயும் செங்கமலம் பாதி எந்திரிச்ச மாதிரியே நிக்கறா.

மறுவருஷமும் லீவு வந்துச்சு. "இந்தத் தடவை நாப்பது இடம்!"னு குதிச்சாரு. "உங்களுக்கு சுத்தணும், சுத்திட்டு வாங்க. நான் என் இடத்துக்குப் போறேன்"னு தூக்குல தயிர்சாதத்தைக் கட்டிக்கிட்டு டவுன் பஸ் ஏறிட்டா.

"எங்கம்மா போகணும்?"னாரு கண்டக்டர்.

"போன வருஷம் டூர் பஸ் பஞ்சராச்சே, மதகு, புளியமரம், அங்க ஒண்ணு குடுங்க."

"அங்க ஒண்ணும் இல்லையேம்மா!"

"அதுக்குத்தான் போறேன்."

இறங்கிப் பார்த்தா, மதகு மேல ஏற்கெனவே ஒரு ஆளு, காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு. யாருங்கறே? அழகேசன்! கழுத்துல விசிலைக் காணோம். செங்கமலம் இடுப்புல கை வெச்சு மொறைச்சா. அவரு அசடு வழிய நகர்ந்து இடம் விட்டாரு.

"எனக்கும் இன்னைக்கு லீவும்மா. மெதுவா உக்காருங்க"ன்னாரு.

உக்காந்தா.

அவளும் உக்காந்தாச்சு, கதையும் உக்காந்தாச்சு. நீ காலை நீட்டுடா கண்ணு. யாரும் விசில் ஊத மாட்டாங்க, தூங்கு.