வெள்ளித்தாள் ஒட்டிய ஜன்னல்

எதிர்மாடியில் செல்போன் கோபுரம் முளைத்ததிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி சபேசனுக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. கோபுரத்து அலைதான் காரணம் என்று தன் போனைத் தூக்கிப் போட்டார், ஜன்னலெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டினார். வலி போகவில்லை.

"இந்த அறைக்குள்ள ஒரு அலைகூட வரக்கூடாது. வந்தா நாளையிலேர்ந்து நீ வராதே" என்று சமையல்காரி பவுனுவிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மறுநாள் பவுனு தன் போனை நீட்டினாள். "கனடாவிலேர்ந்து பாப்பா பேசுறாங்கய்யா."

மகளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "இரும்மா" என்று நீதிபதியே எழுந்து தாளைக் கிழித்தார். ஜன்னலோரம் நின்று ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"தலைவலி எப்படிங்கய்யா இருக்கு?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வலியைக் காணோம்.

"பாப்பா குரலும் அந்தக் கோபுரத்து அலையிலதாங்க வந்துச்சு. அதையும் நிறுத்திடவாங்கய்யா?"

நீதிபதி போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மிச்சத் தாளையும் கிழிச்சிடு பவுனு. நாளைக்கும் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கா."