கொற்றன் தாமதித்த சொல்

காட்டுக்கு இது இன்னாருடையது என்று யாரும் எல்லை வகுக்காத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு மலைச்சரிவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சரிவின் நடுவே ஒரு சிற்றூர். இருபது குடிசைகள், எல்லாம் புல் வேய்ந்தவை. தினை விதைத்தும் தேனெடுத்தும் பிழைத்த மக்கள். அவர்களில் ஒருவன் கொற்றன். அவன் மனைவி தத்தை.

கொற்றனுக்குத் தீயைத் தெரியும். புகையின் நிறத்தைப் பார்த்தே எரிவது புல்லா, புதரா, மரமா என்று சொல்லிவிடுவான். காற்று திரும்பப் போவது அவன் கன்னத்துக்கு முன்கூட்டியே தெரியும்.

முதல் முறை தீ வந்தபோது, பச்சைக் கிளைகளை ஒடித்து ஊராரோடு சேர்ந்து அடித்தே அணைத்தான்.

இரண்டாம் முறை தீ பெரிதாக வந்தது. கொற்றன் ஊரைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, விளிம்பில் எதிர்த்தீ மூட்டினான். இரண்டு தீயும் முட்டிக்கொண்டு, தின்ன ஒன்றுமில்லாமல் அவிந்தன.

சேதி அரசர் காதுக்கு எட்டியது. அவர் கொற்றனை வரவழைத்து, சபை நடுவே 'தீவென்றான்' என்று பட்டம் சூட்டினார். அதற்குப் பிறகு ஊரில் எவரும் அவனைக் கொற்றன் என்று கூப்பிடவில்லை. அவனுக்கும் அந்தப் பழைய பெயர் மறந்துகொண்டே வந்தது.

பிறகு இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. மூங்கில் பூத்துக் காய்ந்து நின்றது. ஒரு நண்பகலில் அடிவாரத்திலிருந்து மூன்றாம் தீ கிளம்பியது.

ஊர் கூடியது. "தீவென்றான் இருக்கும்போது நமக்கென்ன பயம்?" என்றார்கள். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்குக் கிழக்கே ஒரு பாறைவெளி உண்டு. புல் பூண்டு முளைக்காத வெறும் கல். அங்கே போய்விட்டால் தீ தொடாது.

தத்தை அவன் பக்கத்தில் வந்தாள். "மச்சான், பாறைக்குப் போகச் சொல்லட்டுமா?"

புகை அப்போது வெள்ளையாக இருந்தது. "பொறு" என்றான்.

சற்று நேரத்தில் புகை கறுத்தது. மூங்கில்கள் வெடிக்கும் ஓசை மேலே வந்தது. மேட்டை நோக்கி ஏறும் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். இது அடித்து அணைக்கிற தீ இல்லை, எதிர்த்தீக்கும் அடங்காது. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், சொல்லட்டுமா?"

அத்தனை கண்களும் அவன் மேல் இருந்தன. தீவென்றான் ஓடினான் என்று நாளைக்கு அரசர் சபையில் பேசுவார்களே என்று நினைத்தான். "பொறு" என்றான்.

எரிகிற இலைகள் தலைக்கு மேலே பறந்துபோய், ஊருக்குப் பின்னால் விழுந்தன. அங்கேயும் புல் பற்றியது.

தத்தை மூன்றாம் முறை கேட்கவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் அவன் கத்தினான்: "ஓடுங்கள்! பாறைக்கு ஓடுங்கள்!"

ஊர் ஓடியது. கிழவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசிக் குடிசையில், பிள்ளை பெற்று ஏழு நாளான குவளை என்பவள் படுத்திருந்தாள். அவளை நினைத்துத் திரும்பியவள் தத்தை ஒருத்திதான். கொற்றன் அதைப் பார்க்கவில்லை. அவன் இரண்டு கிழவிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

பாறைமேல் நின்று அவன் எண்ணினான். இரண்டு பெண்கள் குறைந்தார்கள். மறுபடி எண்ணினான்.

புகைக்குள்ளிருந்து குவளை வந்தாள், பிள்ளையை மார்போடு அணைத்தபடி. தலைமுடி கருகியிருந்தது. "உன் பெண்டாட்டி என் பின்னால்தான் வந்தாள். போ போ என்று என்னைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பிறகு அவள் கை என் முதுகில் இல்லை" என்றாள்.

கொற்றன் தீக்குள் பாய்ந்தான். நாலு பேர் அவனைப் பிடித்து அமுக்கினார்கள்.

மூன்றாம் நாள் சாம்பல் ஆறியது. தத்தையைப் புதைத்துவிட்டு எல்லாரும் பாறையடியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. திடீரென்று வந்துவிட்டது, தீவென்றானாலும் என்ன செய்வான் என்று பேசிக்கொண்டார்கள்.

குவளை மட்டும் நிமிர்ந்து கேட்டாள். "ஓட வேண்டும் என்று உனக்கு எப்போது தெரிந்தது, அண்ணா?"

கடைசியில்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"புகை கறுத்தபோதே தெரிந்தது" என்றான் கொற்றன்.

குவளையின் பிள்ளை அழுதது. அவள் அதை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

ஓடியாக வேண்டும் என்று அறிந்த கணமே அதை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவனுக்கு, தீயைப் பற்றிய அறிவு எவ்வளவு இருந்தும் பயனில்லை.