பந்து பொறுக்கச் சொன்ன பூதம்

ஒரு ஊர்ல ஒரு பூதம். காலை ஆட்டாம படுடா, அப்பத்தான் அத்தை சொல்லுவேன். அது ரயில்வே காலனி ஹால்ல, டேபிள் டென்னிஸ் மேஜைக்கு அடியில குடியிருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் சுடர்விழியும் அவ தம்பி பரிதியும் அங்க ஆடினாங்க. பந்து டிக் டிக் டிக்னு உருண்டு மேஜைக்கு அடியில போச்சு. எடுக்கக் குனிஞ்ச தம்பியை லபக்குனு பிடிச்சு, மேஜைக் காலோட கட்டிப்போட்டுடுச்சு பூதம்.

"மூணு பந்து போடுவேன். ஒண்ணாவது என்னைத் தாண்டிப் போச்சுன்னா தம்பியைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா காலம் பூரா இவன் எனக்குப் பந்து பொறுக்கணும்"னுச்சு.

எங்க, ம் சொல்லு?

"ம்."

அப்புறம் பூதம் பந்தோட அடியில பேட்டால சீவி, வெட்டிப் போட்டுச்சு. சுடர்விழி ஓங்கி அடிச்சா, டொக்! வெட்டின பந்து எழும்புமா? வலையில போய் தொப்புனு விழுந்துச்சு. "அக்கா..."ன்னு தம்பி அழறான்.

ரெண்டாவது பந்தைத் தூக்கி அடிச்சா, டொக்! வலையைத் தாண்டிடுச்சு. ஆனா பந்து போறதுக்குள்ள பூதம் அங்க நிக்குது! பளார்னு திருப்பி அடிச்சிடுச்சு.

அப்போதான் அவ பாத்தா. திமிரைப் பாரேன், பூதம் கண்ணை மூடிக்கிட்டு ஆடுது! பேட்ல படற சத்தத்தைக் கேட்டே பந்து எங்க வரும்னு கண்டுபிடிச்சுடுது.

"ம்ம்..."

பயமா இருக்கா? கையைக் குடு.

மூணாவது பந்து வருது. அடிச்சாத்தானே சத்தம், உரசினா? சுடர்விழி முட்டியை மடக்கி, பேட்டை நல்லாக் கீழ இறக்கினா. இப்பவே அடிச்சிடலாம்னு கை துடிக்குது. அடக்கிக்கிட்டா. பந்து இறங்குது... இறங்குது... இன்னும் கொஞ்சம்... அப்போ கீழேர்ந்து மேல, பந்தைத் தடவிக் குடுக்கற மாதிரி ஒரே இழுப்பு. ஸ்ஸ்ஸ்.

"தப்ப விட்டுட்டா!"ன்னு பூதம் கெக்கெக்கேனு சிரிச்சு, பேட்டைக் கீழ வெச்சுடுச்சு. பந்து தலைகுப்புறச் சுத்திக்கிட்டே வலையைத் தாண்டி, வளைஞ்சு, மேஜையில டிக்னு பட்டு, சர்ர்ர்னு பூதத்தோட காதை ஒட்டிப் பறந்துடுச்சு!

"நீ அடிக்கவே இல்லையே!"ன்னு கத்துச்சு பூதம்.

"உனக்குக் கேக்கலேன்னா நான் அடிக்கலேன்னு அர்த்தமா?"ன்னா சுடர்விழி. பூதம் குனிஞ்சு, தம்பியோட கட்டை அவுத்து விட்டுடுச்சு.

தம்பி ஓடி வந்தான். அவன் முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சா. அப்புறம் கட்டிக்கிட்டு அவதான் ஓன்னு அழுதா. அவ்வளவு நேரமும் அவளுக்கும் பயந்தான்டா கண்ணு. தம்பி பாத்துடுவானேன்னு அடக்கி வெச்சிருந்தா.

பூதமும் போச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடு ராசா, அத்தை இங்கதான் இருக்கேன்.